வாட்ஸ்அப்பில் சேலைக் கடை: ஒரு தடவை வாங்கியவரை மறுபடி வரவைப்பது எப்படி?

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டு, ‘விலைக்கு டிஎம் பண்ணுங்க’ என்று எழுதி, இரவு 11 மணி வரை பதில் தட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கடைகள் நிறைய. புது ஆட்களைத் தேடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. போன மாதம் சேலை வாங்கித் திருப்தியாகக் கட்டியவரிடம் மறுபடி பேச வழி இருப்பதில்லை. அந்த வழியை, கடைகளுக்கென்றே உள்ள வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பெரிய செலவில்லாமல் போட்டுக்கொள்ளலாம். காட்டன் சேலை விற்கும் கடையை வைத்து இங்கே சொல்கிறோம். மசாலாப்பொடியோ கவரிங் நகையோ விற்பவர்களுக்கும் படிகள் இவைதான்.

1. கடைக்குத் தனி எண்

சொந்த எண்ணைக் கடைக்குக் கொடுக்காதீர்கள். புதிதாக ஒரு சிம் வாங்குங்கள். வாட்ஸ்அப்பும் வாட்ஸ்அப் பிசினஸும் ஒரே போனில் இருக்கலாம், எண் மட்டும் வேறாக இருக்க வேண்டும். பதிவு செய்ததும் அமைப்புகளுக்குள் போய் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 6 இலக்க பின் வையுங்கள். ஓடிபி கேட்டு யார் அழைத்தாலும் சொல்லாதீர்கள். எண் பறிபோனால் கடையே போனது மாதிரி.

சுயவிவரத்தில் கடைப் பெயர், ஊர், வேலை நேரம் மூன்றும் கட்டாயம். ‘காலை 10 முதல் இரவு 8 வரை’ என்று போட்டுவிட்டு, மற்ற நேரத்துக்குத் தானாகப் போகும் பதிலை (அவே மெசேஜ்) வைத்துவிட்டால் நள்ளிரவில் கேட்பவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2. கேட்டலாக்: விலையை மறைக்காதீர்கள்

கேட்டலாக் என்பது செயலிக்குள்ளேயே பொருட்களைப் படம், விலையோடு காட்டும் பட்டியல். அதில் 500 பொருள் வரை ஏற்றலாம், ஒவ்வொன்றுக்கும் 10 படம் வரை போடலாம். சேலைக்கு 4 படம் போதும்: முழுச் சேலை, முந்தி, பார்டர் கிட்டத்தில், பிளவுஸ் பிட்.

சின்னக் கடைகளில் அதிகம் சண்டை வருவது நிறத்தில்தான். டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். அரக்குச் சிவப்பு, மெரூன் இரண்டும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். காலை 8 முதல் 10 மணிக்குள், நேர் வெயில் விழாத ஜன்னலோரம், வெள்ளைச் சுவரை ஒட்டிச் சேலையைத் தொங்கவிடுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். பியூட்டி, ஏஐ, ஃபில்டர் எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். எடுத்த படத்தைச் சேலைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். நிறம் மாறித் தெரிந்தால் திரும்ப எடுங்கள். எத்தனை முறை எடுத்தும் சரிவரவில்லை என்றால், ‘நேரில் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருக்கும்’ என்று எழுதியே போடுங்கள். பார்சல் திரும்பி வருவதைவிட அந்த ஒரு வரி மலிவு.

விவரத்தில் இவ்வளவும் வேண்டும்: ‘கே 14. காட்டன். சேலை 5.5 மீட்டர், பிளவுஸ் 80 செ.மீ. சேர்ந்தே வரும். முதல் இரண்டு தடவை தனியா, பச்சைத் தண்ணீர்ல அலசணும்.’ கூடவே விலையும் கூரியர் கட்டணமும். ‘கே 14’ போன்ற குறியீட்டு எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சேலையின் உறையிலும் ஒட்டிவிடுங்கள். ‘அந்த பச்சை சேலை’ என்று பேசிக்கொண்டே போனால் கடைசியில் வேறு பச்சைதான் பார்சலில் போகும்.

3. உடனடிப் பதில்களும் லேபிள்களும்

திரும்பத் திரும்பத் தட்டும் பதில்களை குவிக் ரிப்ளையாகச் சேமித்தால், சாய்கோடு போட்டுக் குறுக்குச்சொல்லைத் தட்டியதும் முழுப் பதில் வந்துவிடும். 50 வரை வைக்கலாம். ஆரம்பத்தில் நான்கு போதும்: பணம் அனுப்பும் விவரம், முகவரி கேட்பது, கூரியர் நாட்கள், மாற்றித் தரும் விதி.

முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப வருபவருக்கும் கிரீட்டிங் மெசேஜ் தானாகப் போகும். அதை நீட்ட வேண்டாம்: ‘வணக்கங்க! எந்த சேலைன்னு கோட் நம்பர் அனுப்புங்க, இருக்கான்னு பார்த்துச் சொல்றோம்.’ வயது தெரியாதவரை எடுத்த எடுப்பில் ‘அக்கா’ என்றோ ‘சிஸ்’ என்றோ கூப்பிடாமல் ‘ங்க’ போட்டுப் பேசுங்கள். அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறாரோ அதைப் பார்த்து நீங்களும் மாற்றிக்கொள்ளலாம்.

யாரிடம் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அடையாளம் வைப்பதுதான் லேபிள். 20 வரை வைக்கலாம், தேவைப்படுவது ஐந்துதான்: விசாரிப்பு, பணம் வரணும், பேக்கிங், அனுப்பியாச்சு, பழைய கஸ்டமர். ஒரே பீஸ் உள்ள சேலையை யாராவது ‘எடுத்து வைங்க’ என்றால் 2 மணி நேரம் கெடு சொல்லிவிடுங்கள். கெடு சொல்லாமல் வைத்தால் ராத்திரி வரை பதில் வராது. கேட்ட இன்னொருவரும் போய்விடுவார்.

4. பணம்

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் கட்டாதீர்கள், போலி ஸ்கிரீன்ஷாட் செய்வது சுலபம். உங்கள் யுபிஐ செயலியிலோ வங்கிக் கணக்கிலோ வரவைப் பார்த்த பிறகே ‘பேக்கிங்’ லேபிளுக்கு மாற்றுங்கள். ‘தப்பாக அதிகம் அனுப்பிட்டேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று. பணம் வாங்க யுபிஐ பின் எப்போதும் தேவையில்லை.

5. பார்சல் கிளம்பும் நேரம்தான் முக்கியம்

சேலையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே கிழியாத கூரியர் கவர். மழைக்கு இது அவசியம். அரை கிலோவைத் தாண்டினால் கட்டணம் கூடும் என்பதால் கனமான அட்டைப்பெட்டி வேண்டாம். முகவரியில் பின்கோடையும் போன் எண்ணையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

டிராக்கிங் எண்ணோடு இதையும் அனுப்புங்கள்:

‘உங்க பார்சல் இன்னைக்கு கிளம்பிடுச்சுங்க. இந்த நம்பரை சேவ் பண்ணி வெச்சுக்கோங்க. புது ஸ்டாக் வந்தா சேவ் பண்ணவங்களுக்குத்தான் மெசேஜ் வரும். வேண்டாம்னா சொல்லிடுங்க, அனுப்ப மாட்டோம்.’

கூடவே உங்கள் கான்டாக்ட் கார்டையும் அனுப்பினால் அவர் சுலபமாகச் சேமித்துக்கொள்வார். இந்த நேரத்தில் ஏன் கேட்க வேண்டும்? பார்சல் எங்கே வருகிறது என்று அவரே உங்கள் செய்தியைத் தேடிக்கொண்டிருப்பார். பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் மறந்துவிடுவார்.

6. பிராட்காஸ்ட், குரூப் அல்ல

வாங்கியவர்களை எல்லாம் ஒரு குரூப்பில் சேர்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். கஸ்டமரின் எண் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்த் தொல்லை வந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

பிராட்காஸ்ட் லிஸ்ட் என்பது ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் பட்டியல். அதில் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும். ஒரு லிஸ்டில் 256 பேர். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும், சேமிக்காதவருக்கு ஒற்றை டிக்கிலேயே நிற்கும். ஐந்தாம் படியில் அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

எல்லாருக்கும் எல்லாம் அனுப்பாமல் லிஸ்டைப் பிரியுங்கள்: ஆபீசுக்குக் கட்ட வெளிர் நிறம் கேட்டவர்கள், பண்டிகைக்கு வாங்கியவர்கள், அம்மாவுக்கு வாங்கியவர்கள். வாரம் ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு செய்தி, ஒவ்வொன்றிலும் 3 படம். தினமும் 20 படம் கொட்டினால் பிளாக் செய்வார்கள், ரிப்போர்ட்டும் செய்வார்கள். அது கூடினால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடும். கண்டவர்களிடம் எண் பட்டியல் வாங்கி அனுப்பினாலும் இதே கதிதான். தினமும் வரும் புதுச் சேலைகளைக் காட்ட ஸ்டேட்டஸ் போதும், 24 மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும்.

மாதத்தின் முதல் வாரம், சம்பளம் வந்த கையோடு அனுப்பும் செய்திக்கு மதிப்பு அதிகம். தீபாவளிக்கு ‘கடைசி ஆர்டர் தேதி’ என்று தெளிவாகப் போடுங்கள். கூரியர் நெரிசலில் பார்சல் தாமதமாகும், பிளவுஸ் தைக்கவும் அவருக்கு நாள் வேண்டும். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே நிறுத்திக்கொள்வது நல்லது.

7. குறை சொல்லி வந்தால்

முதல் வரியில் வாதம் வேண்டாம். ‘பார்த்துட்டோம்ங்க, ஒரு போட்டோ அனுப்புங்க, சாயங்காலம் 5 மணிக்குள்ள சொல்றோம்’ என்று எழுதி, சொன்ன நேரத்தில் பதில் கொடுங்கள். இழை விட்டிருந்தால் மாற்றிக் கொடுங்கள், கூரியரும் உங்கள் செலவு. பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்பதாக இருந்தால் அதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பிரச்சினை வந்த பிறகு விதி சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

8. ஒரு நோட்டு

மாதக் கடைசியில் மூன்று எண்ணை எழுதுங்கள்: எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், அதில் எத்தனை பேர் பழையவர்கள். விசாரிப்பு நிறைய, விற்பனை குறைவு என்றால் விலையிலோ படத்திலோ பதில் தாமதத்திலோ கோளாறு, இரண்டாம் மூன்றாம் படிகளைப் பாருங்கள். விற்பனை இருந்தும் பழையவர்கள் வரவில்லை என்றால் ரீல்ஸுக்கு நேரம் கூட்டாதீர்கள். போன மாதம் வாங்கியவர்களில் பத்துப் பேருக்குத் தனித்தனியாக, பெயர் சொல்லி, ‘சேலை துவைச்ச பிறகு எப்படி இருக்குங்க?’ என்று கேளுங்கள். சாயம் போனதா, கஞ்சி போன பிறகு துணி தொய்ந்ததா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த கொள்முதலுக்கு நெசவாளரிடம் போகும்போது அந்தப் பதில்களைக் கையோடு கொண்டுபோங்கள்.