ஆயுத பூஜைக்கு மறுநாள் கிளம்புங்கள்: பழைய மோட்டார் சைக்கிள் தேடும் முறை

பழைய மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டால், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் கிராமத்துப் பக்கம் ஒரு சுற்று போய் வரச் சொல்வேன். ஆண்டு முழுக்கச் சாக்கு மூடிக் கிடக்கும் வண்டியைக்கூட பூஜையன்று வெளியே தள்ளித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். எந்தச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) எது நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பல்லடம், தாராபுரம், உடுமலை வட்டாரத்தில் 22 ஆண்டுகள் உர விற்பனைப் பிரதிநிதியாக அலைந்தவன் நான். என்னிடம் உள்ள நான்கு வண்டிகளில் மூன்று இப்படிக் கண்ணில் பட்டவை. நான்காவதை விளம்பரம் பார்த்து வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

பொட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். புதிய பொட்டு என்றால் வீட்டுக்காரருக்கு இன்னும் அது வண்டிதான். விலை கேட்டால் முகம் சுருங்கும். பழைய பொட்டின் மேல் தூசு படிந்து, இந்த ஆண்டு யாரும் தொடவில்லை என்றால், ஓட்டியவர் காலமாகியிருப்பார், அல்லது கிக்கரை உதைக்க முடியாத வயதாகியிருக்கும். அங்கே உட்கார்ந்து பேசலாம். அங்கும் விலையில் தொடங்காதீர்கள். "எந்த வருஷத்து வண்டிங்க ஐயா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யார் வாங்கியது, எந்த ஊர் மெக்கானிக் பார்த்தது, எப்போது நின்றது என்று எல்லாம் தானே வரும். தாராபுரத்தில் நான் வாங்கிய ஒரு ஜாவா வண்டிக்காக இரண்டு ஆண்டுகளில் ஏழு முறை மோர் குடித்தேன். எட்டாவது முறை அந்த வீட்டு அம்மாவே, "நீயே எடுத்துக்கோ கண்ணு, கோழி முட்டை போடுது அதுல" என்றார்.

எதைத் தேடுவது என்பது அவரவர் விருப்பம். யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ மட்டும் தேடாதீர்கள் என்பேன். நல்ல வண்டிதான், ஆனால் 1985 முதல் 1996 வரை வந்த அந்த 98 சி.சி. வண்டிக்கு இன்று தேவைக்கு மேல் கிராக்கி. பின்னால் வந்த ஆர்.எக்ஸ். 135-க்குப் பழைய டேங்க்கையும் ஸ்டிக்கரையும் மாட்டி விற்பவர்களும் உண்டு. மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவாவும், அதே ஆலையின் எஸ்டியும் இன்னும் கிராமங்களில் கிடைக்கின்றன. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், கிக்கரையே முன்னால் மடக்கினால் கியர் லீவர் என்று வினோதமான வண்டிகள். இன்னும் விசித்திரமாக வேண்டுமென்றால் என்ஃபீல்டின் மறந்துபோன பிள்ளைகளைத் தேடுங்கள். ஜெர்மனியின் சுன்டாப் நிறுவன வடிவமைப்பில் வந்த ஃப்யூரி 175, டூ-ஸ்ட்ரோக் மினி புல்லட், பிறகு எனக்குத் தனி மோகம் உள்ள டீசல் டாரஸ். 325 சி.சி. கிரீவ்ஸ் லொம்பார்டினி டீசல் எஞ்சின், வெறும் 6.5 குதிரைத்திறன். வேகம் கிடையாது, அதிர்வு உண்டு. ஆனால் அதை வைத்திருந்த ஒரு விவசாயிகூட என்னிடம் குறை சொன்னதில்லை. எரிபொருள் செலவு குறைவு என்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

திண்ணைகளுக்கு அடுத்தபடியாக நான் போவது லேத் பட்டறைகளுக்கு. சிலிண்டரைக் குடைந்து 'போர்' செய்பவருக்கு அந்த வட்டாரத்தில் எந்த எஞ்சின் எப்போது திறக்கப்பட்டது என்பது நினைவிருக்கும். ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரை ஊருக்கு ஒருவராகப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். காயலான் கடைக்காரரிடமும் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, தீபாவளிக்கு இனிப்பு கொடுங்கள். எடைக்கு வந்த வண்டியை உடைக்கும் முன் கூப்பிடுவார். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா-எஸ்டி நாள் என்று பல ஊர்களில் கூடுவார்கள். அங்கே வண்டி வாங்க முடியாது. ஆனால் யாரிடம் இரண்டு இருக்கிறது என்று தெரியும். இரண்டு வைத்திருப்பவர் என்றைக்காவது ஒன்றை விற்பார். சென்னைப் புதுப்பேட்டைப் பழைய வண்டிக் கடைகளுக்கு உதிரிபாகம் தேடி மட்டும் போங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது டார்ச், ஒரு பழந்துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டு போங்கள். டார்ச், டேங்க்குக்குள் அடித்துத் துருவைப் பார்க்க. மண்ணெண்ணெயும் துணியும் வண்டிச் சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணைத் துடைக்க. எண் இருக்கும் இடத்தில் உலோகம் அரம் தேய்த்ததுபோல் வழுவழுப்பாக இருந்தாலோ, ஓர் இலக்கம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தாலோ, மோர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். கிக்கர் அசையவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தால் பல எஞ்சின்கள் இளகிவிடும். கிளட்ச்சும் பிஸ்டனும் எப்படியாவது கிடைக்கும். கிடைக்காதவை டேங்க், ஹெட்லைட் கூடு, மட்கார்டு, ஸ்பீடோமீட்டர். பேரம் பேசும்போது இவற்றை வைத்துப் பேசுங்கள். எஞ்சினை வைத்து அல்ல.

இனி ஆவணம். என் நான்காவது வண்டி இங்கேதான் வருகிறது. 2011-இல் விளம்பரத்தில் ஒரு ஜாவா. குரோம் பூசிய டேங்க், கருஞ்சிவப்பு நிறம், கையில் பழைய ஆர்.சி. புத்தகம். 45,000 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் அது ஜாவா வேடம் போட்ட எஸ்டி. புத்தகம் என்றோ உடைக்கப்பட்ட வேறொரு வண்டியுடையது. சாலையில் ஓட்ட முடியாது, விற்கவும் மனசாட்சி இடம்கொடுக்கவில்லை. ஆயுத பூஜையன்று என் மனைவி அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடுகிறாள், "அது என்ன பாவம் செய்தது" என்று.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தோடு எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவெண் கொண்ட வண்டிகளின் விவரம் கணினியில் ஏறாமல் இருக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தாகிவிட்டதா என்று நேரில் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31 மூலம் முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும், பிறகுதான் உங்களுக்கு. 15 ஆண்டு தாண்டியதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். 2021-இல் வந்த விதியின்படி 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளை 'வி.ஏ.' எழுத்துகளோடு தனிவகையாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் அப்படிப் பதிந்த வண்டியை ஓட்டலாம். தினமும் பால் வாங்கப் போக ஆசை இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இணையத்தில் தேடுவதில் தவறில்லை. "ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம், முன்பணம் போட்டால் வண்டியை அனுப்புகிறேன்" என்று சொல்பவரிடம் மட்டும் பேச்சை வளர்க்காதீர்கள்.

பேச்சு முடிந்து குட்டியானை வேனில் வண்டியை ஏற்றும் முன் கடைசியாக ஒரு வேலை: பரணைப் பார்க்கச் சொல்லுங்கள். டூல்ஸ் பை, உதிரி லென்ஸ், முதல் ரசீது எல்லாம் அங்கேதான் கிடக்கும். நான் சொன்ன அந்தத் தாராபுரத்து ஜாவாவுக்குச் சாவி இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அந்தக் கால ஜாவாவின் சாவி பார்ப்பதற்கு ஆணிபோல இருக்கும். ஆணி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளேதான் இருந்தது.