அப்பாவைக் கூட்டிட்டு வா: புதிய கிளாஸ் இன்சார்ஜ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி திறந்ததும், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் கையில் கிளாஸ் இன்சார்ஜ் பொறுப்பு வந்துவிடும். வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள், பிள்ளைகளின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வடசென்னையின் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் விஷயத்தில் வருடாவருடம் நடக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

“அப்பாவைக் கூட்டிட்டு வா”

எத்தனை முறை பார்த்தாலும் ஆத்திரம் அடங்காத தவறு இது. லீவு அதிகமான மாணவனை நிறுத்தி, “அப்பாவைக் கூட்டிட்டு வந்தாதான் கிளாஸுக்குள்ள விடுவேன்” என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஸ்டாஃப் ரூம் வாசலில் நடப்பது இப்படித்தான் இருக்கும். “சார், அப்பா தொழிலுக்குப் போயிருக்காரு சார்” என்பான் பையன். “சாயங்காலம் வந்துடுவாருல்ல? நாளைக்குக் கூட்டிட்டு வா” என்பார் ஆசிரியர். மீனவர் வீட்டில் தொழில் என்றால் கடல். விசைப்படகில் ஏறியவர் கரை திரும்பப் பல நாளாகும். அதை விளக்கிச் சொல்ல வாய் வராமல் பையன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான்.

அப்பா கரையில் இருந்தாலும் சிக்கல் தீராது. லோடு ஏற்றுபவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் கல்லூரிக்கு வந்துபோவது என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதைக் கேட்கத் துணியாத பையன், தெருவில் யாராவது ஒருவரைச் சித்தப்பா என்று கூட்டிவருவான். இல்லையென்றால் வருவதையே நிறுத்திவிடுவான். காலையில் பையோடு வீட்டைவிட்டுக் கிளம்புவான். கல்லூரிக்குத்தான் போகிறான் என்று வீடு நம்பும். பத்து நாள் லீவு இருபதாகும். வருகையைக் கூட்டுவதற்காகப் போட்ட நிபந்தனையே அதைக் குறைத்துவிடும். விண்ணப்பத்தில் உள்ள ‘அப்பா’ நம்பரை அழைத்தால் எடுப்பது பல நேரம் அவனுடைய நண்பன்தான்.

இதற்குப் பதிலாகக் கணக்குப் போடுங்கள். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால், தேர்வு எழுதத் தேவையான 75 சதவீத வருகைக்கு 68 நாள் வந்தாக வேண்டும். லீவுக்கு இடம் 22 நாள்தான். 30ஆம் வேலைநாளில் 12 லீவு எடுத்திருப்பவனுக்கு மீதி 60 நாளில் 10 நாள்தான் கையில் இருக்கிறது. இவனை மீட்கலாம். 60ஆம் நாளில் 32 லீவோடு நிற்பவன் அதன்பின் ஒருநாள் விடாமல் வந்தாலும் 58 நாள்தான் ஆகும். 65 சதவீதம்கூட எட்டாது, கண்டனேஷன் (வருகைக் குறைவை மன்னித்துத் தேர்வு எழுதவிடக் கட்டும் கட்டணம்) கட்டி அந்த செமஸ்டர் தேர்வை எழுதவும் வழியில்லை. அதனால் மாணவனை அழைத்துப் பேசவேண்டிய நாள் 30ஆம் நாள். கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். இந்தக் கணக்கை அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதவையுங்கள்.

அடுத்து, எந்த மணி நேரம் விடுபடுகிறது என்று பாருங்கள். தினமும் முதல் மணி என்றால் விடியற்காலை மீன் ஏலத்தில் வேலையாக இருக்கலாம், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நிற்பதாகவும் இருக்கலாம். கடைசி மணி மட்டும் என்றால் பார்ட் டைம் ஷிஃப்ட்டைப் பற்றி விசாரியுங்கள். “ஏன் வரல?” என்று கேட்டால் “உடம்பு சரியில்ல சார்” என்பதுதான் பதிலாக வரும். “நைட்டு எத்தன மணிக்குத் தூங்குற?” என்று கேளுங்கள், உண்மை வரும்.

வீட்டில் பேசியே ஆகவேண்டும் என்றால், இரவு எட்டு மணிக்குமேல் பேசுகிறேன் என்று அவனிடமே முன்கூட்டிச் சொல்லுங்கள். அம்மாவின் நம்பரை அவனையே கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சைக் குறையில் தொடங்க வேண்டாம்.

எல்லோர் முன்னாலும் விசாரிப்பது

கூடாது. வராந்தாவுக்கு அழைத்துப்போய்ப் பேசுங்கள்.

ஸ்காலர்ஷிப் நோட்டீஸை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பது

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று நம் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. இருந்தும் “பணம் வரல மேடம்” என்று வரும் பிள்ளைகள் உண்டு.

முதலில் பார்க்கவேண்டியது வங்கிக் கணக்கை. கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்ததும், அரசுப் பணம் வந்துசேர அந்தக் கணக்கை ஆதாரோடு இணைக்கும் ‘ஆதார் சீடிங்’ செய்திருப்பதும் ஒன்றல்ல. இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக எதில் சீடிங் ஆனதோ அதற்குத்தான் பணம் போகும். பார்ட் டைம் வேலைக்காகப் புதிதாகத் தொடங்கிய கணக்கில் அது விழுந்து கிடக்கலாம். பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய், ஆதார் எந்தக் கணக்கோடு சீடிங் ஆகியிருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பெயரின் இனிஷியல் ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் வேறுவேறாக இருந்தால், அதைத் திருத்தும் வேலையை முதல் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

“அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்”

அரியர் வைத்தவனுக்கு இந்த ஆறுதல் உதவாது. சென்னைப் பல்கலைக்கழக முறையில் இளநிலைக்கு எழுத்துத் தேர்வில் 75க்கு 30 வேண்டும். கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண் எவ்வளவு அதிகம் இருந்தாலும் இதை ஈடுகட்டாது. 28, 29 வாங்கியவனை ரிசல்ட் வந்த அன்றே கூப்பிட்டு, மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்ன, கட்டணம் எவ்வளவு என்று சொல்லி அனுப்புங்கள்.

மென்டார் நோட்டை (மாணவனோடு பேசியதைக் குறித்துவைக்கும் நோட்டு) நாக் குழு (கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் NAAC குழு) வரும் வாரத்தில் நிரப்புவது

அந்த நோட்டால் எந்த மாணவனுக்கும் பயனில்லை.

ஜூனில் ஃபீஸ் கேட்டு நெருக்குவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பியிருக்கும் வீட்டில் கையில் பணம் புரளாத நாட்கள் அவை. புது வருட ஃபீஸும் அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். மார்ச் மாதமே யார் வீட்டில் கடல் தொழில் என்று குறித்துக்கொண்டு, இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டுப் பிரின்சிபாலுக்குக் கடிதம் எழுதவையுங்கள். பலருக்கு அப்படி ஒரு கடிதம் எழுதிப் பழக்கமிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, பெறுநர் முகவரியிலிருந்து சொல்லிக்கொடுங்கள்.