கோத்தகிரிக்குக் குடிவருகிறவர்களுக்கு: மே மாதத்தில் லீஸ் பணம் கொடுக்காதீர்கள்

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்புகிறவர்களில் சிலர் சொந்த ஊருக்குப் போகாமல் நேராக நீலகிரிக்கு வருகிறார்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். மஸ்கட்டில் 11 வருஷம் இருந்துவிட்டு, மறுபடியும் விருதுநகர் வெயிலுக்குப் போக மனமில்லாமல் 2022 மே மாதம் கோத்தகிரிக்கு வந்தோம். தமிழ்நாட்டுக்குள்தானே, தெரியாததா என்ற நினைப்பு. மஸ்கட்டில் போய் இறங்கியபோதுகூட நாங்கள் இவ்வளவு தடுமாறவில்லை.

அலுவலக வேலைகளில் பெரிய சிக்கல் இல்லை. ஆதார் முகவரி, கேஸ், ரேஷன் அட்டை எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் மேலே வர வேண்டும். டிஎன் 43 எண் உள்ள உள்ளூர் வண்டிகளுக்கு அது வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை, எவர்சில்வர் பாட்டிலாகக் கொண்டு வாருங்கள். தோசை மாவு ராத்திரியில் பொங்காது. பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய குண்டானில் வைத்து மூடினால்தான் காலையில் இட்லி. இடம் வாங்கும் யோசனை இருந்தால் முதல் வருஷம் அதை எடுக்கவே எடுக்காதீர்கள். கூடலூர் பக்கம் விலை குறைவு என்று யாராவது காட்டினால், அது, பழைய ஜமீன் மாதிரியான ஜென்ம நிலங்களை அரசு எடுத்துக்கொண்ட 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வருகிற நிலமா என்று முதலில் கேளுங்கள். பட்டா கிடைக்காமல் அங்கே தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் எழுத உட்கார்ந்தது லீஸ் விஷயத்துக்காக.

நாங்கள் வீடு பார்த்தது மே மாதம். வானம் நீலமாக இருந்தது, வாசலில் ஹைட்ரேஞ்சியா பூத்திருந்தது, எதிரே தேயிலைச் சரிவு. ரோட்டுக்குக் கீழே இருபது படி இறங்கினால் வீடு. மூன்று வருஷத்துக்கு 6 லட்சம் லீஸ், வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்பும். மதுரையில், சென்னையில் பழகிய கணக்குதானே, அன்றைக்கே டோக்கன் கொடுத்து மறுவாரம் கையெழுத்துப் போட்டோம். சாமான் இறக்குகிற அன்று பக்கத்து ஹட்டியிலிருந்து (இந்த மலையின் படுகர் மக்கள் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) ஒரு படுகர் அக்கா பார்க்க வந்தார். உள்ளே வந்தவர் நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். "இந்தச் சுவரு மண்ணோட ஒட்டி நிக்குது. வெயிலு எப்ப வருது இங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பதினொரு மணிக்கு மேல்தான் வருகிறது என்பதை அப்புறம் கவனித்தேன்.

மழை விஷயத்தையும் சொல்ல வேண்டும், கீழே இருந்து வருகிற எல்லோரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். நீலகிரி முழுக்க ஒரே மழைக்காலம் கிடையாது. ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 91 செ.மீ. பெய்தது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குப் பக்கம், எங்களுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே உள்ளவர்கள் அந்த நவம்பரை இன்னும் மறக்கவில்லை. ஆகஸ்டில் வந்து பார்த்துவிட்டு "மழையிலேயே பார்த்துட்டோம், வீடு நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்பவர்களும் உண்டு. கோத்தகிரியில் அது பாதிப் பரீட்சைதான்.

நாங்கள் வந்த வருஷம் நவம்பரில் பின்சுவர் வியர்த்தது. தீப்பெட்டி உரசினால் பற்றவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. பீரோவைத் திறந்தால் என் முகூர்த்தப் புடவையின் மடிப்பு நெடுக வெள்ளையாகப் பூசணம், சாம்பல் தூவியது மாதிரி.

அன்றைக்கே வேறு வீடு தேடியிருக்க வேண்டும். நாங்கள் செய்தது என்ன? 38 ஆயிரம் செலவழித்து ஈரம் தாங்கும் பெயிண்ட் அடித்தோம். 6 லட்சம் உள்ளே இருக்கிறதே, வீட்டைச் சரிசெய்துகொள்வதுதானே புத்தி என்று தோன்றியது. பிறகு ஹீட்டர். படிக்கு மேலே பஸ் சரியாக வராததால் ஒரு பழைய கார். கார்தான் இருக்கிறதே என்று பையனை இருபது கிலோமீட்டர் தள்ளிக் குன்னூரில் பள்ளியில் சேர்த்தோம். ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் நியாயமாகத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றும் முந்தையதைக் காப்பாற்றச் செய்தது.

2023 ஜூலையில் அந்த அக்காவே ஒரு வீடு சொன்னார். மேட்டில், கிழக்கே பார்த்தது, மாதம் 9 ஆயிரம் வாடகை. போய்ப் பார்த்தோம். அடுப்படிச் சுவர் காய்ந்த ஓடு மாதிரி இருந்தது. இருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். "லீஸ் பணம் மாட்டிக்கிட்டு இருக்கு, பெயிண்ட் வேற அடிச்சாச்சு." இந்த மலையில் நாங்கள் செய்த பெரிய தப்பு அதுதான். முதல் வருஷம் தெரியாமல் விழுந்தோம், ஜூலையில் தெரிந்தே விழுந்தோம்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். எங்கள் விஷயத்தில் முதல் கோணல் சின்னது. அதை நேர் என்று காட்டுவதற்காக மீதி எல்லாவற்றையும் நாங்களே வளைத்துக்கொண்டோம். பெயிண்ட் காசு, நாங்கள் அங்கேயே இருந்தாலும் திரும்பாது, காலி செய்தாலும் திரும்பாது. அதைக் கணக்கிலேயே சேர்த்திருக்கக் கூடாது. லீஸ் பணமோ எப்படியும் திரும்பி வருகிற பணம். முன்னாலேயே காலி செய்தால் தருவீர்களா என்று வீட்டுக்காரரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாற்றவே முடியாத முடிவுகளும் உண்டு. குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பாதை போட்டபோது, கல்லாறுக்கு மேலே ஏற்றத்துக்காக நடுவில் பல் தண்டவாளம் வைத்தார்கள். இன்றைக்கும் திருச்சி பொன்மலை ரயில் பட்டறையில் இந்தப் பாதைக்குப் புது எஞ்சின் செய்தால் அந்தப் பல்லுக்குப் பொருந்தும் சக்கரத்தோடுதான் செய்ய வேண்டும். அந்தப் படுகர் அக்கா வீட்டில் உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலை வைத்தார்கள். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது உடனே மாற்ற வழியில்லை. நட்டு மூன்று நான்கு வருஷம் காத்திருந்து பறிக்கத் தொடங்கிய செடியை யார் பிடுங்குவார்கள்? "தேயிலைக்கு வேரு இருக்கு. உங்க பீரோவுக்கு என்ன?" என்று அவர் என்னைக் கேட்டது, ஜூலையில் நாங்கள் அந்த வீட்டை வேண்டாம் என்றபோது.

அடுத்த நவம்பரில் பையனுக்கு மூச்சு இழுப்பு வந்து கோயம்புத்தூர் வரை ஓட வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் வீட்டுக்காரரிடம் கேட்டோம். "வேற ஆளு கிடைச்சதும் குடுத்துடறேன்" என்றார். இரண்டே மாதத்தில் கொடுத்தும்விட்டார். மேட்டு வீடு அதற்குள் போய்விட்டிருந்தது. இப்போது இருப்பது வேறு வீடு, வாடகை 11 ஆயிரம், வெயில் ஏழரைக்கு வரும்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். முதலில் மாத வாடகைக்கு வாருங்கள், லீஸை விடக் கூடுதலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஒரு நவம்பர் முழுக்க அங்கே இருந்து பாருங்கள். பீரோ, கட்டில் எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும். வீடு பார்க்கும்போது பின்சுவரில் கை வையுங்கள், சுவருக்குப் பின்னால் மண்ணா காற்றா என்று வெளியே சுற்றிப் போய்ப் பாருங்கள், முன்பு குடியிருந்தவர் ஏன் போனார் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்து மாட்டியிருந்தால், இன்றைக்குத்தான் முதல்முறையாக இந்த வீட்டைப் பார்க்கிறோம் என்று நினைத்து உள்ளே நுழைந்து பாருங்கள். எடுக்க மாட்டோம் என்று தோன்றினால் வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

என் நாத்தனார் குடும்பம் துபாயிலிருந்து வருகிறது. நேற்று போனில், "அண்ணி, வீடு சூப்பரா இருக்கு, டோக்கன் குடுத்திடவா?" என்றாள். படம் அனுப்பியிருந்தாள், வாசலில் ஹைட்ரேஞ்சியா. நவம்பர் முடிகிறவரை எங்களோடு இருங்கள் என்று சொல்லிவிட்டேன். பின்னறையை இன்று காலையிலிருந்து ஒழித்துக்கொண்டிருக்கிறேன்.