கீசர் லைனுக்கு 4 எம்எம் வயர் மாற்றியது

குளியலறையில் 3 கிலோவாட் கீசர். பத்து நிமிடம் ஓடினாலே பிளக் சுடும், லேசாகக் கருகல் வாடை. ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்தேன். பேஸ் (மின்சாரம் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்) இரண்டின் தோலும் பழுப்பேறி, வளைத்தால் அப்பளம் போல உடைந்தது. வயர் 1.5 எம்எம் (தாமிரத்தின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்). டிபியில், அதாவது வீட்டின் மின் விநியோகப் பெட்டியில், எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) 20 ஆம்பியர். தப்பே அங்கேதான். எம்சிபி காப்பது வயரை, கீசரை அல்ல. சுவரில் வயருக்கான குழாய்க்குள் போகும் 1.5 எம்எம் வயருக்கு 10 ஆம்பியர் எம்சிபிதான் போட வேண்டும்.

3000 வாட்டை 230 ஆல் வகுத்தால் 13 ஆம்பியர். டிபியிலிருந்து தூரம் 15 மீட்டர், போக வர 30. இதில் 1.5 எம்எம் வயரில் மட்டும் சுமார் 5 வோல்ட் குறையும்; 65 வாட் அளவு சுவருக்குள்ளேயே சூடாகப் போகும். 4 எம்எம் போட்டால் 2 வோல்ட்டுக்குள் அடங்கும். கணக்குப்படி 2.5 எம்எம் தாங்கும்தான். ஆனால் வெயில் காய்ந்த சுவர், ஒரே குழாயில் பல வயர் என்றால் தாங்கும் அளவு இறங்கிவிடும். 4 எம்எம்தான் என் தேர்வு.

மெயினை நிறுத்தி, டெஸ்டரால் சோதித்த பிறகு, பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தேன். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் 4 எம்எம் தாமிரம், நடுவில் ஜாயின்ட் கிடையாது. எம்சிபி 16 ஆம்பியர். கருகிய சாக்கெட்டையும் கட்டாயம் மாற்றுங்கள். அதன் பிடி தளர்ந்திருக்கும், புது வயரையும் சுட்டுவிடும். ஒரு வாரம் கழித்து ஸ்க்ரூக்களை மறுபடி இறுக்கினேன், அரைச் சுற்று உள்ளே போனது.