பிடித்த விடை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவில் ஆய்வகங்களில் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். 15 செ.மீ. கனசதுரம், 28 நாள் தண்ணீரில் ஊறியது. இயந்திரத்தில் வைத்து அழுத்தினால் எந்தச் சுமையில் உடைகிறது என்று தெரிந்துவிடும். முதுகலை படிக்கும்போது, சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலந்து இந்தச் சோதனையைச் செய்தேன். வலிமை 30 மெகாபாஸ்கலுக்கு மேல் வரும் என்பது என் கணக்கு. முதல் கட்டி 23-ல் உடைந்தது. உடனே காரணம் தேடினேன். மேல்பரப்பு சமமாக இல்லையோ? சுமையை வேகமாக ஏற்றிவிட்டோமோ? கட்டி நடுவில் உட்காரவில்லையோ? ஓரம் லேசாகச் சிதைந்திருந்தது. அதையே காரணமாக எழுதி, அந்த எண்ணை ஒதுக்கிவிட்டேன். அடுத்த கட்டி 33. அதன் ஓரத்தை நான் பார்க்கவே இல்லை.

அந்த 23 உண்மையான எண்ணாகவே இருந்திருக்கலாம். ஃபிளை ஆஷ் சேர்ந்த கான்கிரீட் மெதுவாகத்தான் வலுவேறும்; 28 நாளில் பின்தங்கி, 56 நாளிலும் 90 நாளிலும் எட்டிப்பிடிப்பது அதன் இயல்பு. என் ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பை நானே குப்பையில் போட்டிருக்க வாய்ப்புண்டு. இது புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

இயற்பியலோ பொறியியலோ மனித நடத்தையோ, ஆய்வில் நடக்கும் பெரும்பாலான தவறுகளின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். பிடிக்காத விடை வந்தால் துருவித் துருவிப் பார்க்கிறோம். பிடித்த விடை வந்தால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போகிறோம். யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் சோதனையின் கடுமை விடையைப் பொறுத்து மாறினால், முடிவு நம் விருப்பத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

பெரிய ஆய்வாளர்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளை வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார். 1913-ல் அவர் வெளியிட்ட மதிப்பு, இன்றைய அலகில் சொன்னால், 1.592. இன்று நாம் அறிந்தது 1.602 (இரண்டுமே 10-இன் மைனஸ் 19 அடுக்குக் கூலும்). அவர் பயன்படுத்திய காற்றின் பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை) மதிப்பு சற்றுத் தவறு. அதனால் விடை அரை சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. பின்னால் வந்தவர்கள் செய்ததுதான் கவலை தருவது. 1974-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேசிய இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் அதை எடுத்துச் சொன்னார். அடுத்தடுத்து அளந்தவர்களின் எண்கள் சரியான மதிப்புக்கு ஒரே தாவலில் போகவில்லை. மில்லிகனின் எண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறின. மில்லிகனிடமிருந்து வெகுதூரம் விலகிய எண் கிடைத்தவர்கள் எங்கோ பிழை இருக்கிறது என்று தேடினார்கள். அருகில் வந்தவர்கள் அவ்வளவாகத் தேடவில்லை என்பது அவர் விளக்கம். என் கான்கிரீட் கட்டியும் இதே கதைதான்.

இதற்குக் கைமருந்து ஒன்று உண்டு. எந்த அளவீட்டை நிராகரிப்போம் என்பதை அளப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஓரம் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் சிதைந்திருந்தால் அந்தக் கட்டியைச் சோதிக்கவே மாட்டேன் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தால், இரண்டு கட்டியையும் ஒரே கண்ணால் பார்த்திருப்பேன். நிராகரித்த எண்ணையும் குறிப்பேட்டில் அழிக்காமல், மேலே ஒரு கோடு மட்டும் போட்டு வையுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

அடுத்த தவறு கண்ணுக்கே தெரியாதது. ஏதாவது நடந்த இடங்களை மட்டும் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காத இடங்களை விட்டுவிடுவது. சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தது 1986 ஜனவரி 28-ல். அதற்கு முந்தைய இரவு, குளிரில் ராக்கெட் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் மன்றாடினார்கள். வளையங்கள் சேதமடைந்த முந்தைய பயணங்களின் விவரம் கையில் இருந்தது. மிக மோசமான சேதம் சுமார் 12 டிகிரி செல்சியஸில் நடந்திருந்தது. ஆனால் 24 டிகிரியில் ஏவியபோதும் ஒரு சேதம் இருந்தது. அப்படியானால் குளிரிலும் சேதம், வெயிலிலும் சேதம்; வெப்பநிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எதிர்த்தரப்பு கேட்டது. பதில் சொல்ல முடியவில்லை.

விபத்துக்குப் பிறகு விசாரணை ஆணையம் செய்தது எளிய வேலை. சேதமே இல்லாத பயணங்களையும் அதே வரைபடத்தில் சேர்த்தார்கள். சுமார் 19 டிகிரியிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3-ல் மட்டுமே சேதம். 17 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த 4 பயணங்களில் நான்கிலுமே சேதம். ஏவிய நாள் காலை வெப்பநிலை சுமார் 2 டிகிரி. அந்த இரவில் வெற்றிகரமான பயணங்களுக்கான புள்ளிகளையும் யாராவது காகிதத்தில் வைத்திருந்தால், அந்தப் பொறியாளர்களின் கை வலுத்திருக்கும். அவர்கள் பயந்தது சரி. பயத்துக்கான ஆதாரம் சேதமில்லாத பயணங்களின் கணக்கில் கிடந்தது. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

உங்கள் ஆய்வில் எதுவும் நடக்காத அந்தச் சுழியங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். படிப்பை இடையில் விட்ட மாணவர்களிடம் மட்டும் காரணம் கேட்டு, ‘80 பேரில் 60 பேர் வீட்டில் கடன் இருப்பதாகச் சொன்னார்கள்’ என்று முடிவெழுதினால், விடாமல் படித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் கடன் இருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. அதற்கும் விடை இல்லாமல் அந்த 60-க்குப் பொருளில்லை.

அலகுக் குழப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கிய நாசாவின் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்து போனது. ஒரு மென்பொருள் உந்துதலைப் பவுண்டு-விசையில் கொடுத்தது, வாங்கியவர்கள் நியூட்டன் என்று எடுத்துக்கொண்டார்கள்; 4.45 மடங்கு வித்தியாசம். பயணத்தின்போதே எண்கள் சரியாகப் பொருந்தவில்லை என்று வழிகாட்டுக் குழுவினர் சிலர் கவனித்திருந்தார்கள். அந்தச் சந்தேகம் முறையாகப் பதிவாகாமல், பேச்சோடு போய்விட்டது. அட்டவணையில் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் அலகை எழுதுங்கள். ‘கொஞ்சம் இடிக்கிறதே’ என்று தோன்றும் எதையும் தேதியோடு குறித்து வையுங்கள். எக்செலையும் அப்படியே நம்ப வேண்டாம். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை அது தேதிகளாக மாற்றி, ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கெடுத்தது. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது.

மனிதர்களை ஆராய்வது இதைவிடக் கடினம். கல்லும் கம்பியும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, மனிதர்கள் பார்க்கிறார்கள். குதிரைகூடப் பார்க்கும். நூறாண்டுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. 1904-ல் ஒரு குழு வந்து பார்த்து, ஏமாற்று ஏதுமில்லை என்றது. அது உண்மைதான், உரிமையாளர் ஏமாற்றவில்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர், விடை தெரியாதவர்களைக் கேள்வி கேட்க வைத்தார். குதிரைக்கு விடை வரவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை இம்மியளவு அசைந்தது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த பிறகும், தன் தலை அசைவை அடக்குவது ஃபுங்ஸ்டுக்கே கடினமாக இருந்ததாம். 1907-ல் வந்த அவர் ஆய்வு இன்றும் நமக்குப் பாடம்.

ஒரு நண்பரின் களப்பணிக்கு உதவியாகக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வீட்டு முடிவுகளில் பெண்களின் கருத்து கேட்கப்படுகிறதா என்பது ஆய்வு. ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ தொடங்கி ‘முழுமையாக மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். ஒரு பாட்டி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டு வந்தார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, “நீ என்ன எழுதணுமோ எழுதிக்க கண்ணு, உனக்கு நல்ல மார்க்கு வரணும்ல” என்றார். அந்த அன்பு இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் அன்று நாங்கள் சேகரித்தது அவருடைய கருத்தை இல்லை, எங்கள் எதிர்பார்ப்பை.

அப்புறம் கேள்விகளை மாற்றினோம். கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்டோம். ‘வீட்டுக்குக் கடைசியாக வாங்கிய பெரிய பொருள் எது? வாங்கலாம் என்று முதலில் சொன்னது யார்? பணம் கொடுத்தது யார்?’ விடைகள் வேறாக வந்தன. ஆய்வின் நோக்கம் தெரியாத ஒருவரைக் கேள்வி கேட்க அனுப்புவது இன்னும் நல்லது. ஆங்கிலத்தில் உருவான கேள்வித்தாளைத் தமிழாக்கிப் பயன்படுத்தினால், இன்னொருவரை அதைத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி மூலத்தோடு ஒப்பிடுங்கள். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்மை அனுப்பிவிட்டு, ‘தமிழக இளைஞர்கள்’ என்று தலைப்பு வைக்காதீர்கள்.

தரவு கைக்கு வந்த பிறகும் அபாயம் தீரவில்லை. 5 சதவீத வரம்பை (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விளைவை ஏற்பது என்ற வழக்கத்தை) வைத்து, உண்மையில் தொடர்பே இல்லாத, ஒன்றையொன்று சாராத 20 ஒப்பீடுகளைச் செய்தால், ஒன்றாவது ‘முக்கியத்துவம் வாய்ந்தது’ என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்போம், நகரம், கிராமம் என்று பார்ப்போம், இன்னும் 20 பேரைச் சேர்ப்போம் என்று போனால் ஏதாவது ஒன்று மாட்டும். 2011-ல் சிமன்ஸ், நெல்சன், சைமன்சோன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். இப்படிப்பட்ட நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், இல்லாத விளைவு இருப்பதாக வரும் வாய்ப்பு 5-லிருந்து 61 சதவீதம் வரை ஏறுகிறது. ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களின் வயதே ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்றுகூட அவர்களால் ‘நிரூபிக்க’ முடிந்தது. 2015-ல் உளவியலின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97 சதவீதம் முக்கியத்துவம் காட்டியிருக்க, மறு ஆய்வில் 36 சதவீதமே காட்டின. அந்த ஆய்வாளர்கள் எல்லாம் மோசடிக்காரர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. விரும்பிய இடம் வந்ததும் பலர் வண்டியை நிறுத்திவிட்டார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

எந்த ஒப்பீடு, எத்தனை பேர், எப்போது நிறுத்துவோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, தரவு சேகரிப்பதற்கு முன் நெறியாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அந்த மின்னஞ்சலின் தேதியே சாட்சி. பிறகு வேறு எதையாவது கண்டால் தாராளமாக எழுதலாம், ‘தேடும்போது தென்பட்டது’ என்று சொல்லி.

விடையையே மறைத்துவிடுவது எல்லாவற்றிலும் வலுவான வழி. ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ குழு 2010-ல் அதைச் செய்தது. சிலருக்கு மட்டும் தெரிய, கருவிக்குள் ஒரு பொய் சமிக்ஞையைப் புகுத்துவார்கள். புகுத்தினார்களா இல்லையா என்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. அந்தச் செப்டம்பரில் ஒரு சமிக்ஞை வந்தது. மாதக்கணக்கில் அலசி, ஆய்வுக் கட்டுரையும் எழுதி முடித்த பிறகு, 2011 மார்ச்சில், உண்மையை மூடி வைத்திருந்த உறையைத் திறந்தார்கள். புகுத்தப்பட்டதுதான். அத்தனை பேரின் உழைப்பும் வீண் என்று தோன்றலாம். ஆனால் 2015-ல் உண்மையான அலை வந்தபோது அதை எப்படிச் சோதிப்பது என்று அவர்கள் பழகியிருந்தார்கள். நம் அளவில், மாதிரிகளுக்கு நண்பர் ஒருவரை எண்ணிடச் சொல்லி, எது எந்தக் கலவை என்று தெரியாமல் சோதித்தாலே போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் பிழை வரும். வந்தால் என்ன செய்வது? வானியலாளர் ஆண்ட்ரூ லைனைச் சொல்கிறேன். 1991-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரெல் பேங்க் வானாய்வகத்தில் அவர் இருந்த குழு, ஒரு பல்சரை (சீரான இடைவெளியில் வானொலித் துடிப்பு அனுப்பும் இறந்த விண்மீனை) கோள் ஒன்று சுற்றுவதாக அறிவித்தது. சூரிய மண்டலத்துக்கு வெளியே கோள்! அதன் சுற்றுக்காலம் ஆறு மாதம். பூமியின் ஆண்டில் சரி பாதி. அந்த எண்ணே ஓர் எச்சரிக்கை. 1992 ஜனவரியில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் லைன் பேச வேண்டியிருந்தது. அதற்குச் சற்று முன்புதான் பிழையை அவரே கண்டார். பல்சரின் இடத்தைச் சற்றுத் தவறாக எடுத்திருந்தார்கள். பூமியின் பாதையை வட்டமாக எளிமைப்படுத்திய கணக்கில் அந்தத் தவறு ஆறு மாத அலைவாக மாறி, கோள் போலத் தெரிந்திருக்கிறது. மேடையேறி, கோள் இல்லை என்று அவரே சொன்னார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்துப் பேசியவர் அலெக்சாண்டர் வோல்ஷ்சான். வேறொரு பல்சரைச் சுற்றும் இரண்டு கோள்களைப் பற்றிச் சொன்னார். ஒன்றுக்குச் சுமார் 67 நாள், இன்னொன்றுக்கு 98 நாள். பூமியின் ஆண்டோடு ஒட்டாத எண்கள். அந்தக் கோள்கள் இன்றும் பட்டியலில் இருக்கின்றன.