கூகுள் தேடலில் நம்மூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

செட்டிநாட்டு வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில், அதாவது உள்முற்றப் பகுதியில், எண்ணெய்க் கறை பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே போனை எடுத்து 'டைல்ஸ் கறை போக' என்று தேடுவோம். ஆசிட் ஊற்றுங்கள், வினிகர் போட்டுத் தேயுங்கள் என்று வரிசையாக யோசனைகள் வந்து விழும். அத்தனையும் சூளையில் சுட்டெடுத்த செராமிக் டைல்ஸுக்கானவை. ஆத்தங்குடிக் கல் சூளையையே பார்க்காதது. கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சிமென்ட்டை ஆசிட் அரித்துவிடும், வினிகரும் அமிலம்தான். கறை போகிறதோ இல்லையோ, தாத்தா காலத்துப் பூ வேலைப்பாடு போய்விடும்.

அந்தப் பக்கங்களில் பொய் ஒன்றும் இல்லை. நாம் கேட்டதில்தான் குறை. தேடுபொறிக்கு நம் வீட்டுத் தரை தெரியாது. 'ஆத்தங்குடி', 'சிமென்ட் டைல்ஸ்' என்று சேர்த்துக் கேட்டால் வேறு பக்கங்கள் மேலே வரும். முக்கியமான சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால், அந்தச் சொல் இருக்கிற பக்கங்களாகப் பார்த்து எடுத்துத் தரும்.

இன்னொரு பழக்கம், பதிலை நாமே முடிவு செய்துகொண்டு கேட்பது. 'கவுனி அரிசி சர்க்கரையைக் குறைக்கும்' என்று தேடினால், ஆமாம் குறைக்கும் என்கிற பக்கங்கள்தான் வரும். கேட்ட சொற்களோடு பொருந்துவதைத் தேடித் தருவதுதானே அதன் வேலை? 'கவுனி அரிசி நீரிழிவு' என்று மொட்டையாகக் கேளுங்கள். 'கவுனி அரிசி மாவுச்சத்து அளவு' என்றும் ஒரு முறை கேளுங்கள். தவிடு நீக்காத அரிசி என்றாலும் அரிசி அரிசிதான். அதிலும் நம் கல்யாண வீடுகளில் தேங்காயும் சீனியும் நெய்யும் போட்டுத்தான் கவுனி அரிசி பரிமாறுகிறோம்! அதைச் சர்க்கரைக்கு மருந்து என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல?

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பத்துப் பக்கங்கள் ஒரே மாதிரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவது. செட்டிநாடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அடித்துச் சொல்லும் பக்கங்கள் உண்டு. நடந்தது இதுதான்: செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பின்னால் முன்மொழியலாம் என்று ஒரு நாடு கொடுத்து வைக்கிற பட்டியல் அது. அதில் பெயர் இருப்பதால் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததாக ஆகாது. யாரோ ஒருவர் 'உத்தேச' என்ற சொல்லை விட்டுவிட்டு எழுத, அடுத்தவர் அதைப் பார்த்து எழுத, பரவிக்கொண்டே போகும். ஒரே ஆள் சொன்னதை ஊரே திரும்பச் சொன்னாலும் சாட்சி ஒன்றுதான். வாக்கியங்கள் ஒன்றுபோலவே இருந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். அப்புறம் மூலத்துக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று அடித்து, ஒட்டினாற்போல் : குறியும் யுனெஸ்கோ தளத்தின் முகவரியும் போட்டு, பக்கத்தில் செட்டிநாடு என்று சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடலாம். விக்கிப்பீடியா கட்டுரையிலும் அடியில் இருக்கிற சான்றுகளைத் திறந்து பார்ப்பதுதான் பயன்.

இப்போது தேடலின் உச்சியிலேயே ஏஐ சுருக்கம் ஒன்றும் வருகிறது. பீட்சாவில் சீஸ் ஒட்டாவிட்டால் பசை சேர்க்கலாம் என்று 2024 மே மாதம் சொன்னது இதுதான். ரெடிட் என்கிற விவாதத் தளத்தில் யாரோ வேடிக்கையாக எழுதியதை நிஜமென்று எடுத்துக்கொண்டுவிட்டது. சுருக்கத்தின் பக்கத்தில் இருக்கிற இணைப்பைத் திறக்காமல் அதை நம்ப வேண்டாம்.

தேதி பார்க்காமல் படிப்பதும் உண்டு. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இன்னும் நகராட்சி என்றே பேசுகிற பக்கத்தில் சொத்துவரி விவரம் பார்த்தால், அது எந்தக் காலத்து விவரமோ! தேடல் பெட்டிக்குக் கீழே 'கருவிகள்' என்பதைத் தொட்டால், கடந்த ஓராண்டுக்குள் வந்தவை என்று வடிகட்டலாம்.

கடைசியாக, காசு போகிற இடம். பட்டா, வில்லங்கச் சான்று என்று தேடும்போது மேலே வருவது பணம் கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முகவரியில் எங்கேயோ தமிழ்நாடு என்று இருந்தால் போதாது. தளத்தின் பெயர் டாட் ஜிஓவி டாட் இன் (.gov.in) என்று முடிய வேண்டும். அரசு அமைப்புகளுக்கு மட்டுமே அது கிடைக்கும். வங்கி, கேஸ், கூரியர் எதுவானாலும் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடலில் எடுக்கவே கூடாது; மோசடிக்காரர்கள் போட்டு வைத்த போலி எண்ணாக இருக்கலாம். ஏடிஎம் கார்டின் பின்பக்கம், பில், அந்த நிறுவனத்தின் சொந்த ஆப் இவற்றில் பாருங்கள். மீறிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி, பிடிக்க முடியாத இடத்துக்குப் போய்விடும்.