கற்பித்தல் நூல்களை இரண்டு அடுக்குகளில் தேடுங்கள்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் கணிதம் கற்பிப்பது பற்றிய நூல்களைத் தேடும்போது, 510 என்ற எண்ணுள்ள அடுக்கோடு நின்றுவிடாமல் 372.7 என்ற எண்ணையும் அவசியம் பாருங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி தசமப் பகுப்பு முறையில், தொடக்கப் பள்ளிக் கணிதத்தைக் கற்பிப்பது பற்றிய நூல்கள் கல்வியியலின் கீழ் 372.7-இலும், உயர் வகுப்புகளுக்கானவை கணிதத்தோடு சேர்ந்து 510.71-இலும் வைக்கப்படுவதால், ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் இரு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. அறிவியலுக்கும் இப்படித்தான்: 372.35, 507.1. பாடக்குறிப்பு எழுதும் நாட்களில் எல்லோரும் ஒரே அடுக்கைத் தேடிப் போகையில், மற்றோர் அடுக்கில் அருமையான நூல்கள் எவர் கையும் படாமல் இருப்பதுண்டு. நூலகம், நூல்களை வேறு விதமாகக் குறியிட்டு அடுக்கும் கோலன் பகுப்பு முறையைப் பின்பற்றினால் இந்த எண்கள் பொருந்தா. அங்கே நூற்பட்டியலில் பாடத்தின் பெயரோடு ‘கற்பித்தல்’ என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும்.